அந்தத் தாய்க்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

‘தி இம்போஸ்டர்’ ஆவணப்படத்தைப் பார்த்த எவரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பெற்ற தாய்க்குத் தன் பிள்ளையைத் தெரியாமலா போகும்? நீலக் கண்ணுள்ள பிள்ளை காணாமல் போய், மூன்று வருடத்துக்குப் பிறகு மண்ணிறக் கண்ணோடும் பிரெஞ்சு வாடை அடிக்கிற ஆங்கிலத்தோடும் வந்து நின்றால், அவனைக் கட்டிப்பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போக எந்தத் தாய்க்கு மனம் வரும்? படம் வந்தது 2012 இல். நான் பார்த்தது 2025 நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்ற என் பெறாமகன் தன் மடிக்கணினியில் போட்டுக் காட்டியபோதுதான். படம் முடிய அவனும் அதையே கேட்டான். “தாய்க்குத் தெரிஞ்சிருக்கும் சித்தி. தெரிஞ்சும் சேர்த்திருக்கினம் எண்டால் அதுக்கொரு காரணம் இருக்கும்.” காரணம் என்று அவன் சொன்னது கொலையை. அவனைக் குறை சொல்லவும் முடியாது, படமே பார்க்கிற ஆளை அந்த இடத்துக்குத்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறது. எனக்குத்தான் அது மீன்முள் மாதிரித் தொண்டையில் நின்றுவிட்டது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1994 ஜூனில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரத்து நிக்கலஸ் பார்க்லே என்ற 13 வயதுப் பொடியன் பந்து விளையாடப் போனவன் வீடு திரும்பவில்லை. 1997 ஒக்டோபரில், ஸ்பெயினில் லினாரெஸ் என்ற ஊரின் சிறுவர் காப்பகத்திலிருந்து ஒருவன் ‘நான்தான் அவன்’ என்றான். ஃபிரெடெரிக் பூர்தன் என்ற அந்தப் பிரெஞ்சுக்காரனுக்கு அப்போது 23 வயது. கைவிடப்பட்ட பிள்ளையாக நடித்து, ஐரோப்பாவில் காப்பகம் காப்பகமாகத் தங்குவதே அவனுடைய சீவியம். லினாரெஸில் மாட்டுப்படப் போகிறோம் என்று தெரிந்ததும், இரவு காப்பகத்து அலுவலக அறையில் தனியே இருந்து அமெரிக்காவுக்குத் தொலைபேசி எடுத்தான். காணாமல் போன பிள்ளைகளுக்கான நிலையத்தில், காப்பகத்து அலுவலர் பேசுவது போலத் தன்னைப் பற்றியே அங்க அடையாளம் சொல்லி, அவர்கள் வாயாலேயே ஒரு பெயரை வாங்கினான். தொலைநகலில் வந்த படம் கறுப்பு வெள்ளை. நிறப்படம் பின்னால் வந்தபோதுதான் அந்தப் பிள்ளைக்கு நீலக் கண் என்பது தெரிந்தது. தலைமயிருக்குச் சாயம் பூசினான், நிக்கலஸின் உடம்பில் இருந்த பச்சை குத்துகளைத் தன் உடம்பில் குத்திக்கொண்டான். கண்ணுக்கு என்ன செய்வது? கடத்திப்போனவர்கள் ஊசி போட்டு நிறத்தை மாற்றிவிட்டார்கள் என்றான். அதையும் நம்பினார்கள். அந்த வீட்டில் கிட்டத்தட்ட ஐந்து மாதம் பிள்ளையாக இருந்தான்.

இயக்குநர் பார்ட் லேட்டன் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் படத்தின் பெரும்பகுதியில் கதை சொல்பவன் பூர்தன்தான். நேரே எங்கள் கண்ணைப் பார்த்து, இடைக்கிடை சிரித்து, தான் செய்த சுத்துமாத்தை ஒரு சமையல் குறிப்புச் சொல்வது போலப் படிப்படியாகச் சொல்கிறான். குடும்பத்தவர்களும் பேசுகிறார்கள். அவர்கள் திக்குகிறார்கள், நிறுத்துகிறார்கள், சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள். கடைசி அரை மணித்தியாலத்தில், “அவர்கள் என்னை ஏற்றுக்கொண்டதே தங்கள் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியும் என்பதால்தான்” என்ற மாதிரி அவன் பேசும்போது, பொய் சொல்லியே வயிறு வளர்த்த ஒருவன் இதைச் சொல்கிறான் என்பதை நாங்கள் மறந்துபோகிறோம். சரளமாகக் கதைக்கிறவனுக்கு இருக்கிற மதிப்பு இது. நீதிமன்றத்திலும் அப்படித்தான், கல்யாணப் பேச்சிலும் அப்படித்தான்.

அல்பத்தைக் காட்டிக் கொடுத்தது யார்?

படத்தில் ஓர் இடத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நிக்கலஸின் அக்கா விமானம் ஏறி ஸ்பெயினுக்கு வருகிறார். இவனோ தொப்பி, சால்வை, கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டு முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறான். இனித் தப்ப வழியில்லை என்று அவனே நினைத்திருக்கிறான். அக்கா ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறார். பிறகு கொண்டுவந்த குடும்பப் படங்களை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டி, இது அம்மா, இது இன்னார், இது எங்கள் வீடு என்று சொல்லிக் கொடுக்கிறார். பிள்ளை அதிர்ச்சியில் எல்லாவற்றையும் மறந்துவிட்டான், ஞாபகப்படுத்தினால் வந்துவிடும் என்ற எண்ணம் அவருக்கு. பிறகு அதிகாரிகள் அவனைச் சோதிக்கக் குடும்பப் படங்களைத்தான் காட்டினார்கள். படித்த பாடமே பரீட்சையில் வந்தது, தேறிவிட்டான். அக்கா சத்தியம் பண்ணினார், தூதரகம் அமெரிக்கப் பாஸ்போட்டைக் கையில் கொடுத்தது. பாசம் கண்ணை மறைக்காத அதிகாரிகளும் அந்த மேசையில் இருந்தார்கள் என்பதை ‘தாய்க்குத் தெரியாதா’ என்று கேட்பவர்கள் ஏனோ கணக்கில் எடுப்பதில்லை.

எனக்கு இந்தப் பரீட்சை புதிதில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் யாழ்ப்பாணத்தில் அரைவாசி வீடுகளில் யாரோ ஒருவர் இப்படிப் பாடமாக்கிக்கொண்டிருந்தார். தலைமாத்தின பாஸ்போட்டில், அதாவது இன்னொருவரின் பாஸ்போட்டில் படத்தை மாற்றி ஒட்டிப் போகிறவருக்கு, ஆளை வெளிநாடு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொடுப்பான். உன் பெயர் இது, தாயின் பெயர் இது, படித்த பள்ளிக்கூடம் இது, பிறந்த திகதி இது. அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டால் இன்னும் சிக்கல். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்களும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்ற கணக்கு, பெண் என்றால் அதோடு 500 கூட்டவேண்டும். ஆகவே பிறந்த திகதியை ஒன்றாகவும் இலக்கத்தை வேறொன்றாகவும் சொன்னால் விஷயம் தெரிந்த அதிகாரி அந்த இடத்திலேயே பிடித்துவிடுவான்.

அத்தானின் வயது

என் பெறாமகனுடைய தகப்பன், அதாவது என் அத்தான், 1989 இல் வெளிநாடு போனவர். எந்த நாடு என்று எழுதினால் அவர் என்னோடு கதைக்கமாட்டார். போக இருந்தவர் அவருடைய தம்பி. பாஸ்போட், விசா எல்லாம் தம்பியின் பெயரில் வந்துவிட்டது. அது இந்திய அமைதிப்படைக் காலத்தின் கடைசி நாட்கள், அண்ணனுக்கு ஊரில் நிற்க ஏலாத நிலைமை. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, அந்தக் காலத்தில் ஒரே மீசை. தம்பியின் பாஸ்போட்டில் அண்ணன் ஏறினார். ஏறியவர் அந்தப் பெயரிலேயே அகதிக் கேஸ் எழுதினார், அந்தப் பெயரிலேயே கல்யாணம் பதிந்தார், அந்தப் பெயரிலேயே பிரஜாவுரிமை எடுத்தார். இன்றைக்கு அவருக்கு உண்மையில் 67 வயது. கடதாசியில் 63. கூட வேலை தொடங்கின சமவயதுக்காரர்கள் பென்சன் எடுத்துப் பேரப்பிள்ளைகளோடு விளையாட, இவர் முழங்கால் வலியோடு இன்னும் வேலைக்குப் போய்வருகிறார்.

என் பெறாமகனுக்குக் கடைசிப் பெயராக நிற்பது அவனுடைய சித்தப்பாவின் பெயர். அவனுக்கு அது பகிடி. ஆனால் அவன் அதைத் தெரிந்துகொண்ட விதம் பகிடியாக இருக்கவில்லை. அவனுடைய அப்பம்மா செத்து 31 ஆம் நாள் அடித்த கல்வெட்டின், அதாவது நினைவுப் புத்தகத்தின், கடைசிப் பக்கத்தில் வழக்கம் போல வம்சாவளி போட்டிருந்தார்கள். தேவாரம், பஞ்சபுராணம், நன்றி நவிலல் எல்லாம் தாண்டிப் பின்பக்கத்துக்குப் போனபோது, தன் பெயர் தான் அறிந்த தகப்பன் பெயரின் கீழே இல்லை என்பதைக் கண்டான். ஊரில் யாருக்கும் அது இரகசியமே கிடையாது, பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லாமல் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்தவறிச் சொல்லிவிடும் என்ற பயம். ஒரு மாதம் வரை அவன் தகப்பனோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை என்று அக்கா சொன்னா. சித்தப்பா இங்கேயே இருக்கிறார், கொக்குவிலில். அவருக்கு வெளிநாடு போகிற ஆசை இல்லாமல் போகவில்லை. ஆனால் அந்தப் பெயரில், அந்தப் பிறந்த திகதியில், அந்தத் தாய் தகப்பனுக்குப் பிறந்த ஒருவர் ஏற்கெனவே அங்கே வரி கட்டிக்கொண்டிருக்கும்போது இவர் எப்படி விண்ணப்பிப்பது? அண்ணனோ தம்பியோ இதைப் பற்றி ஒருநாளும் சண்டை பிடித்ததாகத் தெரியாது. சித்தப்பாவின் மனைவிதான் தீபாவளிக்குத் தீபாவளி ஒருமுறை ஞாபகப்படுத்துவார்.

படம் பார்த்த அன்று என் பெறாமகனுக்கு நான் சொன்னது அவனுடைய அப்பம்மாவின் கதையை. தொண்ணூறுகளில் மகனிடம் போய்வர அவ விசாவுக்கு விண்ணப்பித்தபோது கொழும்பில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு படத்தை மேசையில் வைத்து, மொழிபெயர்ப்பாளர் மூலம் இது யார் என்று கேட்டான். அப்பம்மா கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, இளைய மகனின் பெயரைச் சொன்னா. மூத்தவர் எங்கே? யாழ்ப்பாணத்தில. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்று எங்களை வெருட்டி வளர்த்த மனுஷி அவ. விசா கிடைத்தது. ஒரு தாய், தன் மூத்த பிள்ளையின் படத்தைப் பார்த்து, இது என் இளைய பிள்ளை என்று அரசாங்க அதிகாரியிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறா.

“அது வேற சித்தி. அப்பம்மாவுக்கு ஆர் ஆர் எண்டு தெரியும்.”

நானும் அதைத்தான் சொன்னேன். தெரிந்துகொண்டே ஒரு தாய் ஆளை மாற்றிச் சொல்ல ஆயிரம் காரணம் இருக்கும். டெக்சாஸ் வீட்டில் மட்டும் அதற்குக் கொலைதான் காரணமாக இருக்கவேண்டும் என்று எப்படித் தீர்மானிக்கிறாய்?

அவனுக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை என்பதுதான் உண்மை. அப்பம்மா செய்தது பிள்ளைக்காக. டெக்சாஸ்காரர்கள் ஏற்றுக்கொண்டதோ யாரோ ஒருவனை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பாத்தெழுதின பிள்ளை

எங்கள் ஒழுங்கையில் ஒரு ரீச்சர் இருந்தா. எல்லாருக்கும் அவ ரீச்சர்தான், பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. 1996 இல், இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு, ஒரு சுற்றிவளைப்பில் கொண்டுபோன அவவின் மகன் பிறகு வரவில்லை. அந்த வருடம் இங்கே அப்படிப் போனவர்கள் நூற்றுக்கணக்கில். யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருடத்தில், தடுப்பு முகாம்களிலிருந்து விடுபட்டு ஆட்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், ஒருவன் ரீச்சர் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தான். நல்ல சேட்டும் கையில் ஒரு பைலும். தெற்கில் ஒரு முகாமில் மகனைக் கண்டதாகச் சொன்னான். அந்தக் காலத்தில் இப்படி வந்தவர்கள், தொலைபேசி எடுத்தவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. காசு கறக்க வருகிறார்கள் என்று ஊருக்கே தெரியும்.

அன்று நான் அங்கே இருந்தேன். ரீச்சர் அவனைக் கதிரையில் இருத்திக் கோப்பி கொடுத்துவிட்டுக் கேட்டா. “தம்பி, அவனுக்கு இடது புருவத்தில ஒரு வெட்டுக்காயம் இருக்குமே?” அவன் ஒரு மிடறு குடித்தான். “ஓம் அம்மா. அதை வச்சுத்தானே எனக்கு ஆளை ஞாபகம்.” “சின்னனில மாமரத்தால விழுந்தவன். பின்வளவு மாமரம்.” அவன் தலையாட்டினான். அடுத்த கிழமை மறுபடி வந்தான். இம்முறை அவனாகவே தொடங்கினான். “அம்மா, அவர் உங்கட பின்வளவு மாமரத்தைப் பற்றிக் கதைச்சவர். அதால விழுந்துதான் புருவம் வெடிச்சதாம்.” போன கிழமை ரீச்சர் கொடுத்த சொற்கள், ஒன்றும் கூடாமல் குறையாமல், அவன் வாயால் திரும்பி வந்தன. நானும் ரீச்சரின் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ரீச்சரின் முகமோ விளக்கேற்றினது போல இருந்தது. மெலிந்துவிட்டானா, சாப்பாடு எப்படி, இன்னும் குப்புறப் படுத்துத்தான் நித்திரை கொள்கிறானா என்று கேட்டுக்கொண்டே இருந்தா. அவனும் சொல்லிக்கொண்டே இருந்தான். முகாமில் ஒரு பெரியவருக்குக் கொடுக்கவேண்டும் என்று 50,000 ரூபா வாங்கிக்கொண்டு போனான்.

அவன் போனதும் மகள் கத்தினா. “உங்களுக்கென்ன விசரே அம்மா? நீங்கள் சொன்னதைத்தானே அவன் திருப்பிச் சொல்லுறான்!” ரீச்சர் கோப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டே சொன்னா. “எனக்குத் தெரியாதெண்டே நினைக்கிறாய்? இவ்வளவு காலமும் விடைத்தாள் திருத்தினனான். பாத்தெழுதின பிள்ளையை எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாதே?” பிறகேன் காசு கொடுத்தீர்கள் என்று நான் கேட்டேன். “இந்த ஒழுங்கையில ஆராவது அவனைப் பற்றி ‘சாப்பிடுறான்’ எண்டு கதைக்கிறியளோ? எல்லாரும் ‘சாப்பிட்டவன், படிச்சவன், நல்ல பிள்ளையா இருந்தவன்’ எண்டுதானே கதைக்கிறியள்.”

படத்தில் அந்த அக்கா அல்பத்தை விரித்த இடத்தில் எனக்கு இந்தக் கோப்பிக் கோப்பைதான் ஞாபகம் வந்தது. அவர் ரீச்சர் மாதிரித் தெரிந்துகொண்டு செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. தெரிகிறது, தெரியவில்லை என்று இரண்டு பெட்டி வைத்து ஆட்களைப் பிரிக்க முடியும் என்று படம் நினைக்கிறது. ரீச்சரை எந்தப் பெட்டிக்குள் போடுவது? 2015 இலங்கை ஜனாதிபதித் தேர்தல் பிரசுரம் ஒன்றில் வேட்பாளர் மைத்திரிபால சிறிசேனவோடு நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளில் ஒருத்தியைப் பார்த்து, இது காணாமல் போன என் மகள் என்று வவுனியாவில் ஒரு தாய் அடையாளம் காட்டினார். அந்தத் தாயை ஏமாந்தவர் என்பதா, பொய்யர் என்பதா? இரண்டும் சொல்ல எனக்கு வாய் வராது.

இரத்தம்

பூர்தனைப் பிடித்தது காது. சார்லி பார்க்கர் என்ற தனியார் துப்பறிவாளர், மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டவனைக் காதை வைத்து அடையாளம் கண்டார்கள் என்று எங்கோ வாசித்திருக்கிறார். நிக்கலஸின் பழைய படத்தில் இருந்த காதையும் வந்தவனின் காதையும் ஒப்பிட்டுப் பார்த்தார், இரண்டும் வேறு. இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. 2004 வரைக்கும் அமெரிக்கக் குடிவரவுக்குப் படம் எடுப்பவர்கள் வலது காது தெரிய முகத்தை ஒருக்களித்தே எடுக்கவேண்டும். “இன்னும் கொஞ்சம் திரும்புங்கோ அக்கா, காது வரேல்லை” என்று யாழ்ப்பாணத்து ஸ்டூடியோக்காரருக்குத் தெரிந்த விஷயம், அவர்களுடைய தூதரகத்துக்கே ஞாபகம் வரவில்லை.

ஹூஸ்டனில் அவனைப் பார்த்த மனநல மருத்துவர், இவன் அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளையாக இருக்கவே முடியாது என்றார். அதைக் கேட்ட பிறகும் குடும்பம் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போனது. எஃப்பிஐ அதிகாரி இரத்தம் கேட்டு வந்தபோது தாய் மறுத்து, தரையில் படுத்துவிட்டார். கடைசியில் நீதிமன்ற ஆணை எடுத்துத்தான் வாங்கினார்கள். 1998 மார்ச்சில் அவனைக் கைது செய்தார்கள், ஆறு வருடச் சிறை. இரத்தம் கொடுக்க மறுத்த அந்த இடத்தில்தான் படம் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் இறுகுகிறது. பிள்ளை என்று நம்பினால் கொடுத்துவிட்டுப் போகலாமே, மறைக்க ஏதோ இருக்கிறது என்று. அதோடு நிக்கலஸின் அண்ணன் ஒருவர் வந்தவனை நெடுநாள் எட்டிப் பார்க்கவே இல்லை, பார்க்க வந்த அன்று கழுத்தில் போட ஒரு தங்கச் சிலுவையைக் கொடுத்துவிட்டுப் போனவர் பிறகு வரவில்லை. அவர் 1998 இல் போதைப்பொருள் கூடி இறந்துபோனார். செத்தவர் வந்து பதில் சொல்ல மாட்டார் என்பது எல்லாருக்கும் வசதி. இன்றுவரை அந்தக் குடும்பத்தில் யார் மீதும் ஒரு குற்றச்சாட்டும் பதியப்படவில்லை.

இரத்தம் கொடுக்க மறுத்ததை இங்கிருந்து பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. 2010 இல் ஒரு சட்டம் வந்தது, யுத்தத்தால் ஒரு வருடத்துக்கு மேல் காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று. விதானையாரும் சொன்னார், சொந்தக்காரரும் சொன்னார்கள். ரீச்சர் போகவில்லை. 2016 இல் அதைத் திருத்தி, செத்ததாகச் சொல்லாமல் ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்கிற சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். அதற்கும் போகவில்லை. 2022 இல் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபா என்று அரசாங்கம் அறிவித்தபோது, காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு 2017 இலிருந்து தெருவோரக் கொட்டகையில் போராடிக்கொண்டிருந்த தாய்மார் வேண்டாம் என்றார்கள். கடதாசியில் ஒரு முடிவு எழுதப்படுவதை விட எழுதப்படாமல் இருப்பதைத் தேர்ந்தவர்கள் இவர்கள். சான் அன்டோனியோத் தாயும் அப்படித்தான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் ஒரு சோதனைக் குழாய் ‘இவன் உன் பிள்ளை இல்லை’ என்று சொன்னால், ‘அப்படியானால் உன் பிள்ளை எங்கே’ என்ற கேள்வி அதே நிமிடத்தில் திரும்பி வந்து வாசலில் நிற்கும். அதைத் தள்ளிப்போடுகிறவரைக் கொலைகாரி என்று நினைக்க எனக்கு இன்னும் கொஞ்சம் ஆதாரம் வேண்டும்.

ரீச்சர் இப்போது இல்லை. அந்தக் காலத்தில் காணாமல் போனவர்களைப் புதைத்ததாகச் சொல்லப்படுகிற செம்மணியில், 2025 இல் சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டத் தொடங்கி எலும்புகள் வந்துகொண்டிருந்த நேரம், ஓகஸ்ட் 5 ஆம் திகதி அங்கே கண்டெடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் சனத்துக்குக் காட்டினார்கள். புத்தகப்பை, பால் போத்தல், வளையல், செருப்பு, துணி. ரீச்சரின் மகள் போய்வந்தா. நல்லூரில் திருவிழா நடந்துகொண்டிருந்தது, வீதியெல்லாம் சனம். வரும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணி குடித்துவிட்டுச் சொன்னா. “சேட்டு எண்டு ஒண்டைப் பாத்தன். அண்ணா அண்டைக்குப் போட்டிருந்தது என்ன நிறமெண்டு எனக்குத் தெரியேல்லை. அம்மாவுக்குத்தான் தெரியும்.” டிஎன்ஏக்கு இரத்தம் கேட்டால் கொடுப்பாயா என்று கேட்டேன். “குடுப்பன். அம்மா இருந்தா என்னையும் குடுக்க விட்டிருக்கமாட்டா.”

அப்போது என் பெறாமகனும் விறாந்தையில் இருந்தான். படத்தின் கதையை அவன் அவவுக்குச் சொன்னான், என்னோடு பிடித்த வாதத்தையும் சேர்த்து. நான் ரீச்சரை உதாரணம் காட்டியதையும் சொல்லிவிட்டான். எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அவ முழுவதையும் கேட்டா. எனக்காகப் பேசுவா என்று எதிர்பார்த்தேன்.

“உங்கள் ரெண்டு பேருக்கும் அந்தத் தாய்தான் கதை,” என்றா. “அம்மா தெரிஞ்சுகொண்டு காசு குடுத்தா எண்டு நீங்கள் எல்லாருக்கும் பெருமையாச் சொல்லுறியள் அக்கா. அம்மா குடுத்த கதையை வச்சுத்தான் அவன் அடுத்த ஒழுங்கைக்குப் போனவன். ‘ரீச்சரே நம்பினவ’ எண்டு சொல்லியிருக்கிறான். அங்க அந்தச் சனம் தோட்டக்காணியை ஈடுவச்சுக் குடுத்ததுகள். அவையளுக்குப் பாத்தெழுதினதெல்லாம் கண்டுபிடிக்கத் தெரியாது.” இது எனக்கு அதுவரை தெரியாத விஷயம். பிறகு பெறாமகனைப் பார்த்துக் கேட்டா. “சரி, அவன் அந்த வீட்டில பிள்ளையா இருந்த அஞ்சு மாசமும் உண்மையான பொடியனை ஆர் தேடினது?”

அவனிடம் பதில் இல்லை. படத்திலும் இல்லை. பிள்ளை கிடைத்துவிட்டது என்றால் எந்தப் பொலிஸ் தேடும்? பூர்தன் சிறையிலிருந்து வந்து, 2003 இல் பிரான்சில் மறுபடியும், 1996 இல் காணாமல் போன இன்னொரு பையனாகத் தன்னைச் சொல்லிக்கொண்டான். அந்த முறை டிஎன்ஏ சோதனை அவனை முந்திக்கொண்டது. அவனைப் பற்றி எழுதினார்கள், படம் எடுத்தார்கள், படத்துக்குப் பிரித்தானியாவின் பாஃப்டா திரைப்பட விருதும் கிடைத்தது. நிக்கலஸ் பார்க்லே உயிரோடு இருந்தால் அன்று எங்கள் விறாந்தையில் இந்த வாதம் நடந்த நேரம் அவனுக்கு 44 வயது. அவனை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. படத்தின் முடிவில் துப்பறிவாளர் பழைய வீட்டின் பின்வளவில் குழி தோண்டுகிறார். அதற்குள் என்ன இருந்தது என்று படம் காட்டுவதில்லை.